இருபது ஆண்டு நின்ற சமையலறைக்கு இப்போது வந்த நோட்டீஸ்

வீடும் விதியும்: மலேசிய வாசகர் கேள்வி-பதில்
பதிலளிப்பவர், பதிவுபெற்ற கட்டட வரைவாளர்

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் என் கணவரும் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். 1996ஆம் ஆண்டில் அவருடைய சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி, 25,000 வெள்ளி விலையில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டை வாங்கிக் குடியேறினோம். மனை 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்டது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இடம் போதாததால், 2004இல் பின்பக்கம் வெறும் தரையாகக் கிடந்த பத்தடி இடத்தையும் மதில்வரை செங்கல் வைத்துக் கட்டி, மேலே தகரம் போட்டுச் சமையலறை ஆக்கிக்கொண்டோம். “இதற்கெல்லாம் பெலான் (கட்டட வரைபடம்) தேவையில்லை, இந்தத் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்று குத்தகையாளர் அன்று உறுதியாகச் சொன்னார். சென்ற வாரம் நகராண்மைக் கழகத்திலிருந்து, அனுமதியின்றிக் கட்டிய பகுதிக்கு 14 நாளில் விளக்கம் தருமாறு நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் கூரைத் தண்ணீர் தம் வீட்டுத் துளசி மாடத்தை அரிப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா புகார் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகும் இது குற்றமாகுமா? மதிப்பீட்டு வரியை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி வந்திருக்கிறோமே, அது போதாதா? பதில் போட்டால்தான் மாட்டிக்கொள்வோம், பேசாமல் இருங்கள் என்று மகன் சொல்கிறான். கணவர் இரவில் தூங்குவதில்லை. வழி சொல்லுங்கள்.
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். விளக்கம் கேட்டு வந்திருக்கும் கடிதம் வீட்டை இடிக்கும் உத்தரவாகாது. உங்கள் தரப்பைச் சொல்வதற்கு உங்களுக்குக் கொடுத்திருக்கும் தவணை அது. அந்தத் தவணையைக் கைநழுவ விடுவதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதைக் கேட்க வேண்டாம். அம்மாவும் அப்பாவும் அலைக்கழியக் கூடாது என்ற அக்கறையில் அவர் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆயினும் பதில் வராத கோப்பு மூடப்படுவதில்லை, அது அடுத்த நடவடிக்கைக்குத்தான் போகும்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காலம் கடந்துபோவதால் அனுமதி தானாக வந்துவிடாது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் (உங்களுக்கு அது நகராண்மைக் கழகம்) எழுத்துமூல அனுமதியை முன்கூட்டிப் பெறாமல் எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது. கட்டடம் எழுப்புதல் என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. இருக்கும் வீட்டைப் பெரிதாக்குவதும், திறந்த இடத்தை அடைத்து அறையாக்குவதும் அதற்குள் அடங்கும். அதை மீறியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் 50,000 ரிங்கிட்வரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதன் பிறகும் மீறல் நீடித்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் சேரும். இதனுடன் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் (சட்டம் 172) இருக்கிறது. திட்டமிடல் அனுமதி, அதாவது நம் அலுவலகங்களில் ‘கெபெனாரான் மெராஞ்சாங்’ என்று சொல்லப்படுவது, இல்லாமல் மேம்பாட்டு வேலை செய்தால் அச்சட்டத்தின் உச்ச அபராதம் 500,000 ரிங்கிட். இவை பெரிய மேம்பாட்டாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட உச்ச வரம்புகள். மலிவு விலை வீட்டுச் சமையலறைக்கு யாரும் இந்தத் தொகையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இருந்தாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்வது உங்களுக்குச் செய்யும் உதவியாகாது என்பதால் சொன்னேன்.

மதிப்பீட்டு வரி வேறு, கட்டட அனுமதி வேறு. வரி என்பது 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ், உங்கள் சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு வாங்கப்படுவது. பெரிதாக்கிய வீட்டுக்குக் கூடுதல் வரியே போட்டிருந்தாலும், அந்த ரசீது கட்டடத் திட்டத்தை ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி ஆகாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வரி ரசீதுக் கட்டைத்தான் முதலில் மேசைமேல் வைக்கிறார்கள். அந்தக் கட்டை ரப்பர் வளையம் போட்டு எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, அது உதவாது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நம் மக்கள் ஏன் இந்த அனுமதியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பதை நான் பல நாள் யோசித்ததுண்டு. நானும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவன். எங்கள் அப்பா வாசலில் நாலடி தாழ்வாரம் இறக்குவதற்குக் தோட்டத்து எழுத்தரான கிராணியாரிடம் மூன்று முறை போய் நின்று, கடைசியில் ஆபீஸ் ஸ்டோரில் கழித்துப்போட்ட பழந்தகரத்தை வாங்கி வந்து போட்டார். ஆணி அடிப்பதற்கும் ஒருவருடைய தலையாட்டல் வேண்டியிருந்த வீட்டிலிருந்து வெளியேறி, கிராண்டில் (நிலப் பட்டாவில்) தம் பெயர் ஏறிய வீட்டுக்கு வந்தவர்கள், இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்ததில் என்ன வியப்பு இருக்கிறது? அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கிராணியாரின் அனுமதி தோட்டத் துரைக்காக இருந்தது. இந்த அனுமதியோ பக்கத்து வீட்டுக்காரருக்காகவும், உங்கள் வீட்டில் படுத்துறங்கும் பேரப்பிள்ளைக்காகவும் இருக்கிறது. உங்கள் வீட்டையே வைத்து அதை விளக்குகிறேன்.

பின்பக்கம் முழுவதும் கூரை போட்டுவிட்டதால், பின் படுக்கையறையின் சன்னல் இப்போது சமையலறைக்குள் திறக்கும் என்று நினைக்கிறேன். இவ்வகை வீடுகள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகளில் 39ஆம் விதியின்படி, ஓர் அறையின் சன்னல் பரப்பு அதன் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காற்று தடையின்றி வந்துபோகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஒன்பது சதுர மீட்டர் அறைக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் சன்னல் வேண்டும். வெளிக்காற்றுக்குப் பதிலாக அடுப்புப் புகை வரும் சன்னலை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? அடுத்தது, தப்பிக்கும் வழி. வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வெளியேற முன்னும் பின்னும்தான் வழி. மதிலோடு ஒட்டிக் கட்டியபோது பின்சந்துக்குப் போகும் கதவு வைத்தீர்களா, இல்லை சுவராகவே எழுப்பிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கதவு இல்லையென்றால், நகராண்மைக் கழகம் என்ன முடிவு செய்தாலும் சரி, அதை முதலில் வையுங்கள்.

மூன்றாவதாக, கழிவுத் தொட்டி. தனித்தனித் தொட்டி உள்ள தாமான்களில் அது பெரும்பாலும் பின்பக்கத் தரையில்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அளக்கப் போன ஒரு வீட்டில் தொட்டி எங்கே என்று கேட்டபோது, அந்த வீட்டு அம்மா எரிவாயு அடுப்பு வைத்திருந்த மேடையைக் காட்டினார். மேடைக்குக் கீழே, மற்ற ஓடுகளைவிடச் சற்று வெளிறிய நாலு தரை ஓடுகள் தெரிந்தன. தொட்டி மூடி அவற்றுக்கு அடியில் இருந்தது. கசடு அள்ள வரும் லாரிக்காரர் குழாயை எங்கே விடுவார்? மழைக்காலத்தில் கழிப்பறைத் தண்ணீர் எதிர்த்து மேலே வருகிறது என்று அவர்கள் பல ஆண்டுகளாக மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டு மூடி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. நோட்டீஸில் கண்ட தவணைக்குள் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கட்டியது எப்போது, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லி, முறைப்படுத்த விரும்புவதாகவும், வரைபடம் தயாரிக்க அவகாசம் வேண்டும் என்றும் கேளுங்கள். முகப்பில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியுடன் சாப்பு (முத்திரை) குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகல் இனி உங்கள் வீட்டுக் கிராண்டைப் போன்றது. அதே நாளில், தாமான் கட்டப்பட்டபோது அங்கீகரிக்கப்பட்ட மூல வரைபடத்தின் நகலுக்கும் விண்ணப்பியுங்கள். அது கையில் இருந்தால்தான் எது பழையது, எது நீங்கள் சேர்த்தது என்று கோடு கிழிக்க முடியும். பிறகு தொழில்முறைக் கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவரை அமர்த்தி, உள்ளதை உள்ளபடி அளந்து வரைபடம் போடச் செய்யுங்கள். தரைத்தளம் மட்டுமுள்ள வரிசை வீட்டுக்கு வரைவாளரே போதும். “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார், ஆயிரம் வெள்ளி கொடுங்கள்” என்று வருபவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அவர் தருவதாகச் சொல்லும் காகிதத்துக்கு நாளை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், அதில் கையெழுத்திட்ட நீங்கள் மட்டும் பொறுப்பாவீர்கள்.

வரைபடம் முழுவதும் அப்படியே ஏற்கப்படும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பின்பக்கம் எத்தனை அடி விட வேண்டும் என்பது அந்தந்த ஊராட்சி மன்றத்தின் வழிகாட்டியைப் பொறுத்தது. ஆனால் முழுச் சமையலறையையும் இழந்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். 20 அடிக்கு 10 அடி என்றால் ஏறத்தாழ 18.6 சதுர மீட்டர். வீட்டுக்குள் காற்றுக்காக விடும் முற்றம், இரண்டு தளம்வரையுள்ள கட்டடங்களில் 7 சதுர மீட்டருக்கும், அகலத்தில் 2.5 மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது அதே துணைவிதிகளின் 40ஆம் விதி. படுக்கையறைச் சன்னலுக்கு நேரே ஒன்பதடிச் சதுரத்துக்குக் கூரையைக் கழற்றி வானம் தெரிய விட்டால் அந்த அளவு கிடைத்துவிடும். மிச்சம் 11 சதுர மீட்டருக்குக் குறையாமல் சமையலுக்கு இருக்கும். சமையலறைக்கு விதி கேட்பது 4.5 சதுர மீட்டர்தான், உயரம் 2.25 மீட்டர். இதுபோன்ற ஒரு திருத்தத்தை நீங்களாகவே வரைபடத்தில் காட்டிக்கொண்டு போனால், அதிகாரி கேட்பதற்கு முன்பே பாதிக் கேள்விக்கு விடை கொடுத்தவர்கள் ஆவீர்கள். முன்அனுமதியின்றிக் கட்டியதற்காகக் கட்டணம் கூடுதலாகக் கேட்கப்படலாம். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவைப் போய்ப் பாருங்கள். அவர் புகார் கொடுத்தது உங்கள் சமையலறைமேல் உள்ள பொறாமையால் அன்று. உங்கள் தகரம் அவர் பக்கம் சரிந்திருக்கிறது. நம்மூர்ப் பிற்பகல் மழையில் அந்தத் தகர விளிம்பிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரே கோட்டில் விழுந்து மண்ணைக் கிண்டிவிடும். உங்கள் கூரைத் தண்ணீரை அவர் நிலத்தில் விடும் உரிமை உங்களுக்கு இல்லை, அவர் விரும்பினால் தனியாக வழக்கும் போடலாம். கூரையின் சரிவை உங்கள் பக்கம் திருப்பி, விளிம்பில் தகர வாய்க்கால் வைத்து, குழாய் வழியாகச் சாக்கடையில் இறக்குங்கள். அரிக்கப்பட்ட துளசி மாடத்தைச் சீராக்கிக் கட்டிக் கொடுங்கள். மன்றங்கள் பலவற்றில் பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் கடிதத்தை விண்ணப்பத்துடன் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தை அவரிடம்தான் வாங்கியாக வேண்டும்.

கேள்வி: ஐயா, எனக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. எங்கள் ஊர்த் தாமானில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கப் பேசி வருகிறேன். உரிமையாளர் மேலே இரண்டு அறை எடுத்துக் கட்டியிருக்கிறார். “தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்கிறார். நம்பலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, சான்றிதழ் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எந்தக் கட்டடத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2007 ஏப்ரல் 12க்கு முன் முடிந்த வீடுகளுக்கு ஊராட்சி மன்றமே குடிபுகும் தகுதிச் சான்றிதழ் வழங்கியது. அதன் பிறகு, கட்டடத்துக்குப் பொறுப்பேற்ற தொழில்முறையாளர் கையெழுத்திடும் நிறைவுச் சான்றிதழ் வந்தது. இரண்டில் எதுவானாலும், வரைபடத்தில் அன்று இருந்ததற்கு மட்டுமே அது செல்லும். பிறகு ஏறிய மாடிக்குத் தனியாக அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டின் விலையைத்தான் நீங்கள் பேச வேண்டும்.

மாடியைப் பற்றி எனக்கு இன்னும் கவலை உண்டு. தரைத்தளத்துக்காக மட்டும் போட்ட அடித்தளம் மேல்மாடியின் பாரத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கீழ்ச் சுவரில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் வெடிப்பு இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். புதிதாகச் சாயம் அடித்து வெடிப்பை மறைத்திருக்கிறார்களா என்று சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், கடன் குறைந்து, அந்த இடைவெளியை உங்கள் கையிருப்பிலிருந்து போட நேரிடும். தீ விபத்துக் காப்புறுதியிலும் இழப்பீடு கேட்கும் நாளில் இதைப் பற்றிக் கேள்வி எழக்கூடும். வாங்கிய பிறகு வரும் நோட்டீஸ் பழைய உரிமையாளரைத் தேடிப் போகாது, உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஆகவே, மாடியை முறைப்படுத்தித் தருவது விற்பவரின் பொறுப்பு என்றும், அதற்குரிய தொகையை வழக்கறிஞர் பிடித்து வைத்திருப்பார் என்றும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மலிவு விலை வீடு என்றால், கைமாற்றுவதற்கு மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்ற கட்டுப்பாடு கிராண்டில் இருக்கிறதா என்று நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கவும் மறவாதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இவையெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டின் முன்பக்கக் கார் நிறுத்துமிடத்தை அடைத்து, தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். உள்வேலைதான், இதற்கும் அனுமதி வேண்டுமா?
வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: வீட்டின் உள்ளே மட்டும் நடக்கும் வேலைக்குத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்று சட்டம் 172இன் 19ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த வேலையால் வெளித்தோற்றம் குறிப்பிடத்தக்க அளவு மாறக் கூடாது, தரைப் பரப்போ உயரமோ கூடக் கூடாது, வடிகாலும் கழிவு ஏற்பாடும் பாதிக்கப்படக் கூடாது, பயன்பாடும் மாறக் கூடாது. நீங்கள் நினைப்பதில் வெளித்தோற்றமும் பயன்பாடும் மாறுகின்றன. சட்டம் 133இன்படி கட்டட அனுமதியும், வியாபாரத்துக்கு உரிமமும் தனியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் பின்பக்கம் மதில்வரை கட்டியிருந்தால், தயவுசெய்து முன்பக்கத்தை அடைக்காதீர்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும் இரண்டு எரிவாயு உருளையும் வாசலில் இருக்க, உள்ளே ஆட்கள் இருக்கும் வீட்டை என்னால் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உங்கள் ஊரில் சிறு வியாபாரிகளுக்கான பொதுக் கூடமோ வாடகைச் சமையலிடமோ கிடைக்குமா என்று முதலில் நகராண்மைக் கழக உரிமப் பிரிவில் கேளுங்கள். பண்டிகைக் கால விற்பனைக்குத் தற்காலிக உரிமம் உண்டா என்பதையும் அதே முகப்பில் கேட்டுக்கொள்ளலாம்.